26 முனைகள் கொண்ட ஒரு மரம்: ஓபர்வோல்ஃபாக்கில் மூவர் குழுவின் இரண்டு வாரம் – நிகழ்வு ஆய்வு

வெளியூர் ஆய்வு நிறுவனம் ஒன்றில் சில வாரம் தங்கிக் கணிதம் செய்ய அழைப்பு வந்தால் பலரும் முதலில் பயணச்சீட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான் யோசிக்கிறார்கள். கையோடு கொண்டுபோகும் கேள்வி போய்ச் சேரும் நாளில் உயிரோடு இருக்குமா என்று யோசிப்பவர்கள் குறைவு. அழைப்புக்கு விண்ணப்பம் எழுதும் நாளுக்கும் அறைக்கதவைத் திறக்கும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் ஓராண்டு ஓடிவிடும். அந்த ஓராண்டில் உலகம் சும்மா இருப்பதில்லை. இந்தப் பதிவு அப்படி நடந்த ஒரு தங்கலைப் பற்றியது. ஆட்களின் பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி: இடம்

ஜெர்மனியின் தென்மேற்கில், கருங்காடு எனப்படும் ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைப்பகுதியில் ஓபர்வோல்ஃபாக் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்குள்ள கணித ஆய்வு நிறுவனத்தை 1944இல் வில்ஹெல்ம் சூஸ் தொடங்கினார். ஆண்டின் பெரும்பாலான வாரங்களில் ஏறத்தாழ ஐம்பது பேர் கூடும் பட்டறை ஒன்று நடக்கும். ஞாயிறு வருவார்கள், சனி கிளம்புவார்கள். அதற்குப் பக்கத்திலேயே, இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்கள் ஒரே கேள்வியோடு சில வாரம் தங்கி வேலை செய்யும் திட்டமும் உண்டு. இந்த நிகழ்வு அந்தச் சிறு குழுத் திட்டத்தில் நடந்தது.

இந்த நிறுவன வீட்டின் நடைமுறைகள் சில இந்தக் கதைக்கு முக்கியம். நூலகம் இரவு பகலாகத் திறந்திருக்கும். சாப்பாட்டு நேரம் மாறாது. சாப்பாட்டு மேசையில் யாரும் தங்கள் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. பெயர் எழுதிய கைத்துண்டு உறைகளைப் பணியாளர்கள் வேளைக்கு வேளை கலைத்து வைத்துவிடுவார்கள். உங்கள் உறை எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான். புதன் பிற்பகல் மலைநடை, முடிவில் கேக். பலருக்கு இவை வேடிக்கையான மரபுகளாகத் தெரியலாம். ஆனால் குழுவின் திட்டம் திசை திரும்பியதற்கு அந்தக் கைத்துண்டு உறைதான் நேரடிக் காரணம்.

பின்னணி: ஆட்களும் கேள்வியும்

மூவர். இந்தியாவில் பேராசிரியராக இருக்கும் ஒருவர். கோட்டுருவியல் (முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அமைப்புகளின் கணிதம்) அவர் துறை. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்கணிதம் செய்பவர் ஒருவர். மெய் மூலங்கள் மட்டுமே கொண்ட பல்லுறுப்புக்கோவைகளில் கைதேர்ந்தவர். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்த இளையவர். நிரல் எழுதுவதில் மற்ற இருவரையும் விட வேகம். கீழே இவர்களைப் பேராசிரியர், இயற்கணிதர், இளையவர் என்றே சொல்கிறோம்.

கேள்வி மரங்களைப் பற்றியது. சுற்று இல்லாத, ஒரே துண்டான கோட்டுருதான் மரம். ஒன்றோடொன்று நேரடியாக இணையாத முனைகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது சார்பற்ற கணம். முனை எதுவும் இல்லாத கணம், ஒரு முனை, இரண்டு முனை என்று வகைக்கு எத்தனை இருக்கின்றன என்று எண்ணினால் ஓர் எண் வரிசை வரும். நான்கு முனைகள் ஒரே கோட்டில் இணைந்த பாதைக்கு அது 1, 4, 3. நடு முனை ஒன்றில் மூன்று இலைகள் (ஒரே ஓர் இணைப்பு உள்ள முனைகள்) தொங்கும் நட்சத்திரத்துக்கு 1, 4, 3, 1. எந்த மரத்தை எடுத்தாலும் இந்த வரிசை ஏறி, ஒரு முகட்டைத் தொட்டு, பிறகு இறங்க மட்டுமே செய்யுமா என்று 1987இல் அலவி, மால்டே, ஷ்வெங்க், எர்தோஷ் நால்வரும் கேட்டார்கள். இன்னும் தீரவில்லை.

ஒருமுகடு என்பதைவிட வலுவான பண்பு மடக்கைக் குழிவு: நடுவில் உள்ள ஒவ்வோர் உறுப்பின் வர்க்கமும் அதன் இருபக்க உறுப்புகளின் பெருக்கத்துக்குக் குறையக் கூடாது. இது நின்றால் ஒருமுகடு தானாக வந்துவிடும். 2022இல் குழு விண்ணப்பம் எழுதியபோது அவர்கள் குறிவைத்தது இந்த வலுவான பண்பை, அதுவும் எல்லா மரங்களுக்கும்.

வழி இதுதான். மரத்தில் ஓர் இலையை எடுத்துக்கொள். அந்த இலை இல்லாத கணங்கள் ஒரு வரிசை, இருக்கும் கணங்கள் இன்னொரு வரிசை; இரண்டையும் கூட்டினால் முழு வரிசை. சின்ன மரங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பெரிய மரத்துக்கு ஏறலாம். சிக்கல் கூட்டலில் இருக்கிறது. 1, 2, 4 மடக்கைக் குழிவானது. 4, 2, 1 என்பதும் அப்படியே. கூட்டினால் 5, 4, 5. நடுவில் பள்ளம், 16 எங்கே, 25 எங்கே! ஆகவே இரண்டு வரிசைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரே இடத்து உறுப்புகள் இரண்டையும் பெருக்கி இரட்டித்தால், அது ஒன்றின் முந்தைய உறுப்பையும் மற்றதன் அடுத்த உறுப்பையும் குறுக்காக எடுத்த இரண்டு பெருக்கங்களின் கூட்டுத்தொகைக்குக் குறையாமல் இருந்தால் போதும், கூட்டல் பழுதாகாது. இதற்கு இணக்க நிபந்தனை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மையத் துணைத்தேற்றம் இப்படி எழுதப்பட்டது: ஒவ்வொரு மரத்திலும் இணக்க நிபந்தனை நிற்கும் இலை ஒன்றாவது உண்டு.

பாதைகளுக்கு இதைக் கையாலேயே நிறுவினார்கள். நட்சத்திரங்களுக்கும் அப்படியே. விண்ணப்பத்தில் அந்த இரண்டும் முழுமையாக இருந்தன. படிப்பவரை நம்பவைக்க அது போதும். ஆனால் பாதையும் நட்சத்திரமும் மரங்களின் இரண்டு ஓரங்கள். நடுவில் என்ன கிடக்கிறது என்பதற்கு அவை சாட்சி ஆகா.

புறப்படும் முன்

தங்கல் 2023 இலையுதிர்காலத்துக்கு ஒதுக்கப்பட்டது. அக்டோபரின் கடைசி வாரமும் நவம்பரின் முதல் வாரமும். தங்குமிடமும் சாப்பாடும் நிறுவனத்தின் பொறுப்பு. பயணச் செலவை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பரில் மூன்று வேலைகள் பிரிக்கப்பட்டன. இளையவர் மரங்களை உருவாக்கி நிபந்தனையைச் சோதிக்கும் நிரல் எழுதுவார். இயற்கணிதர் பாதைக்கான நிரூபணத்தைச் சுருக்கித் தட்டச்சு செய்வார். விண்ணப்பத்துக்குப் பிறகு இந்தத் துறையில் என்ன வந்திருக்கிறது என்று பேராசிரியர் பார்ப்பார்.

பேராசிரியரின் செப்டம்பரை விசா விழுங்கியது. ஷெங்கன் குறுகியகால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாள் முன்பு. இவர் பல்கலைக்கழகத்தின் விடுப்பு ஆணை கைக்கு வந்த பிறகே தொடங்கினார். அழைப்புக் கடிதம் அசலாக வேண்டுமா, அச்சுப்படி போதுமா என்று அலைச்சல். தங்குமிடச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பயணச் செலவு யாருடையது என்பதற்குத் தனிச் சான்று. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதன் தேதிகள் தங்கல் நாட்களை முழுவதும் தழுவ வேண்டும். முதல் காப்பீட்டில் திரும்பும் நாள் விடுபட்டிருந்ததால் மறுபடி எடுத்தார். கடவுச்சீட்டு கையில் வந்தபோது விமானத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. புறப்படும் முன் வைத்திருந்த இரண்டு காணொலிக் கூட்டங்களும் ரத்தாயின.

நூல் தேடல் நடக்கவில்லை. அது நடக்கவில்லை என்பதை மற்ற இருவரும் கேட்கவும் இல்லை. பேராசிரியரின் கவனக்குறைவு என்று இதைச் சுருக்கிவிடுவது நியாயமாகாது. வேலைக்கு ஆள் இருந்தார். கெடு நாளும் மாற்றாளும் இல்லை. நிரலும் பாதி நிலையில் இருந்தது: ஒரு மரத்தைக் கொடுத்தால் சரிபார்க்கும், மரங்களைத் தானாக வரிசையாகத் தராது.

முதல் நாட்கள்: கவனித்தவை

ஞாயிறு மாலை மூவரும் வந்து சேர்ந்தார்கள். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் பூட்டியிருக்கும். மருந்து, பற்பசை போன்றவற்றை முன்கூட்டியே வாங்கி வைக்காதவர் திங்கள் வரை காத்திருக்க வேண்டும். பேராசிரியர் சைவம் என்பதை வருகைப் படிவத்திலேயே குறித்திருந்ததால் சாப்பாட்டில் தொல்லை இல்லை. வந்த பிறகு சொல்பவர்கள் முதல் இரண்டு நாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஓட்டுவதைக் காணலாம்.

உடல்நேரம் மூவருக்கும் மூன்று விதம். பேராசிரியர் விடியுமுன் எழுந்துவிடுவார். இளையவருக்கு நள்ளிரவில்தான் மூளை விழிக்கும். திங்களன்று காலை எட்டரை முதல் இரவு பத்து வரை மூவரும் ஒரே பலகையின் முன் நின்றார்கள். மாலை நான்குக்குப் பிறகு எழுதிய பக்கங்களை மறுநாள் பார்த்தால், அவற்றில் பாதி காலையில் எழுதியதையே வேறு குறியீட்டில் திரும்ப எழுதியது. சேர்ந்திருப்பது வேறு, சேர்ந்து யோசிப்பது வேறு. முதல் முறை தங்குபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

பொதுவான மரத்துக்குத் தொகுத்தறிதல் (சின்ன மரத்திலிருந்து பெரிய மரத்துக்கு ஏறும் வழி) எங்கே சிக்குகிறது என்று திங்களும் செவ்வாய் காலையும் தேடினார்கள். ஒரே முனையில் பல கிளைகள் கூடும் இடத்தில் வரிசைகளின் முகடுகள் விலகி நின்றன. துணைத்தேற்றம் தவறாக இருக்கலாம் என்று செவ்வாய் காலை இளையவர் சொன்னார். அதைச் சோதிக்க நிரலை முடிக்க அரை நாள் கேட்டார். கிளைகளைக் கவனமாகக் கையாண்டால் சரியாகிவிடும் என்று மற்ற இருவரும் சொல்ல, நிரல் தள்ளிப்போனது.

செவ்வாய் மதியம் பேராசிரியரின் கைத்துண்டு உறை அந்த வாரப் பட்டறைக்கு வந்திருந்த ஒருவரின் பக்கத்தில் கிடந்தது. எதில் வேலை செய்கிறீர்கள் என்ற வழக்கமான கேள்வி வந்தது. பேராசிரியர் விவரித்தார். சூப் முடிவதற்குள் மற்றவர் ஒரே எண்ணைச் சொன்னார்: 26.

2023 மே மாதம் கத்ராவி, லெவிட் இருவரும், கட்டுரைகள் இதழில் வருமுன் இடப்படும் இணையக் களஞ்சியமான ஆர்க்சிவில் இட்ட முன்பதிப்பிலிருந்து வந்த எண் அது. 26 முனைகளில் மடக்கைக் குழிவு உடையும் மரங்கள் உண்டு, சரியாக இரண்டு. 25 முனைகள் வரை எல்லா மரங்களும் மடக்கைக் குழிவானவை என்பது கணினியால் சரிபார்க்கப்பட்டிருந்தது. 26 முனைகளில் மரங்களின் எண்ணிக்கை 27,97,93,450. இதில் இரண்டே இரண்டு. பாதையையும் நட்சத்திரத்தையும் வைத்து இதை முன்கூட்டி உணர வழியே இல்லை.

அன்று இரவு நூலகத்தில் மூவரும் அந்த முன்பதிப்பைப் படித்தார்கள். முதல் எதிர்வினை, தங்கள் இலக்கு போய்விட்டது என்பது. இரண்டாவது கேள்வியை எழுப்பியவர் இயற்கணிதர்: துணைத்தேற்றமும் போய்விட்டதா, அல்லது அது மட்டும் பிழைக்குமா?

விடை கணக்கே போடாமல் வந்தது. அந்த இரண்டு மரங்களில் ஒன்றை எடுங்கள். எந்த இலையை நீக்கினாலும் மிஞ்சுவது 25 முனை மரம். அதன் வரிசை மடக்கைக் குழிவானது. இலையைச் சேர்த்துக்கொண்டால் அதன் அண்டை முனையும் போய், சின்ன மரங்களின் தொகுப்பு மிஞ்சும். ஒவ்வொன்றின் வரிசையும் மடக்கைக் குழிவானது. அவற்றின் பல்லுறுப்புக்கோவைகளை (வரிசையின் எண்களைக் கெழுக்களாகக் கொண்டவை) பெருக்கினாலும் அந்தப் பண்பு நிற்கும். ஆக இரண்டு வரிசைகளும் நல்லவை. இணக்க நிபந்தனை ஏதாவது ஓர் இலையில் நின்றிருந்தால் கூட்டலும் மடக்கைக் குழிவாகியிருக்கும். ஆகவில்லை. எனவே அந்த மரத்தில் ஓர் இலைகூட நிபந்தனையை நிறைவேற்றாது. துணைத்தேற்றம் சற்றே தவறானதாக இருக்கவில்லை. அந்த மரத்தின் எல்லா இலைகளிலும் ஒருசேரத் தோற்றது. அந்த முன்பதிப்பு கையில் இருந்திருந்தால் செப்டம்பரில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை.

புதன்: முடிவெடுத்த நாள்

புதன் காலை மனநிலை சரியில்லை. தங்கலை முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாமா என்று இளையவர் கேட்டார். மலைநடையைத் தவிர்த்துவிட்டுப் பலகைக்குத் திரும்பலாம் என்றார் பேராசிரியர். நடைக்குப் போயே தீர வேண்டும் என்றார் இயற்கணிதர். தோற்ற நிரூபணத்தின் முன் மறுநாளே நின்றால் அதன் சில்லுகளை ஒட்டவைக்கத்தான் கை போகும், புதிய கேள்வி எழாது என்பது அவர் வாதம். சாங்க்ட் ரோமான் என்ற சிற்றூர் வரை நடந்தார்கள். இந்தத் தங்கலில் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இதுவே என்பது எங்கள் கணிப்பு. நடையில் எழுதுபலகை இல்லாததால் கேள்விகளை வாய்மொழியாகச் சொல்ல வேண்டியிருந்தது. வாயால் சொல்ல முடியாத அளவுக்குச் சிக்கலான கேள்விகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

மாலையில் மூன்று வழிகள் மிஞ்சின. ஒன்று, மடக்கைக் குழிவை விட்டு 1987இன் மூலக் கேள்வியான ஒருமுகட்டுக்கே போவது. இரண்டு, 26 முனை மரங்கள் ஏன் உடைகின்றன என்று கணினியால் துருவுவது. மூன்று, எல்லா மரங்களையும் விட்டு, ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு மட்டும் முழு நிரூபணம் தருவது.

முதலாவதை ஒதுக்கினார்கள். முப்பதாண்டுக்கும் மேலாகத் திறந்து கிடக்கும் கேள்வியை மீதமுள்ள ஒன்பது நாட்களில் புதிய கருவி இல்லாமல் தொடுவதற்குக் காரணம் எதுவும் சொல்ல முடியவில்லை. இரண்டாவதை இளையவர் தனியாகச் செய்வார். அதற்கு மூவரும் ஒரே அறையில் இருக்கத் தேவையில்லை, ஊர் திரும்பியும் ஓட்டலாம். மூன்றாவதே சேர்ந்திருக்கும் நேரத்துக்கு ஏற்றது. கோட்டுருவும் இயற்கணிதமும் ஒரே பலகையில் சந்திக்கும் வேலை அது ஒன்றுதான். நேரில் இருப்பது எந்த வேலைக்கு உதவுகிறதோ அதையே முதலில் எடு என்ற இந்த அளவுகோல் அந்த மாலையில் உருவானது. விண்ணப்பம் எழுதும்போதே இது இருந்திருக்க வேண்டும்.

நாள்முறையையும் மாற்றினார்கள். காலை ஒன்பதரை முதல் மதியச் சாப்பாடு வரை மூவரும் பலகையில். சாப்பாட்டுக்குப் பின் தனித்தனி. மாலை இரண்டு மணி நேரம் மறுபடி சேர்ந்து. இரவு அவரவர் விருப்பம். ஒவ்வொரு அமர்விலும் ஒருவர் எழுத்தர். அவர் பலகைப் பக்கம் போகக் கூடாது. தேதி, கூற்று, நிலை ஆகிய மூன்றையும் மட்டும் எழுதுவார். நிலை என்பது ‘நிறுவப்பட்டது’, ‘நம்புகிறோம்’, ‘தோற்றது’ என்ற மூன்றில் ஒன்று. பலகையை அழிக்கும் முன் படம். படத்தின் பெயரில் தேதியும் வரிசை எண்ணும். தோற்றவற்றையும் குறித்து வைத்ததால் இரண்டாம் வாரத்தில் இரண்டு தடவை பழைய முட்டுச்சந்துக்குள் நுழையாமல் தப்பினார்கள்.

இரண்டாம் பாதி

சனிக்கிழமை பட்டறைக்காரர்கள் கிளம்ப, வீடு அமைதியானது. ஞாயிறு புதிய கூட்டம். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும்; இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடைவெளி மூன்றரையிலிருந்து நாலரை மணி ஆகும். பேராசிரியர் வீட்டுக்கு வழக்கமாகப் பேசும் இந்திய இரவு ஒன்பது மணி, மாலை அமர்வின் நடுவில் வந்து விழுந்தது. அமர்வை ஐந்துக்குத் தள்ளினார்கள். இப்படிப்பட்ட சிறு உரசல்களை வாயைத் திறந்து சொல்லாமல் விட்டால் நான்காம் நாள் அவை கணித விவாதத்தில் கோபமாக வெளிவரும்.

எடுத்த குடும்பம் கம்பளிப்பூச்சி மரங்களில் ஒழுங்கான வகை: முதுகெலும்பு ஒரு பாதை, அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரே எண்ணிக்கையில் இலைகள். அந்த எண்ணிக்கையை ம என்போம். திங்களன்று இயற்கணிதர் சொன்ன ஒரு விஷயம் கதவைத் திறந்தது. பாதையின் பல்லுறுப்புக்கோவை முழுவதும் மெய் ஒருபடிக் காரணிகளாகப் பிரியும். காரணிகளில் வரும் எண்கள் கோசைன் வர்க்கத்தின் நான்கு மடங்குகள், ஆகவே எல்லாம் 0க்கும் 4க்கும் நடுவில். இலைகளைத் தொங்கவிட்டால் காரணி ஒவ்வொன்றும் (1 + ய)^ம + ச·ய என்ற வடிவம் எடுக்கும். ய என்பது பல்லுறுப்புக்கோவையின் மாறி, ச என்பது அந்த 0–4 எண்களில் ஒன்று. மற்றபடி மிஞ்சுவது (1 + ய) என்பதன் அடுக்குகள். பெருக்கல் மடக்கைக் குழிவைக் காப்பாற்றும். ஆகவே ஒரே ஒரு காரணியைச் சரிபார்த்தால் போதும். கூட்டலோடு மல்லுக்கட்டிய துணைத்தேற்றமே தேவையில்லாமல் போனது.

காரணியில் ஆபத்தான இடம் ஒன்றுதான். இரண்டாம் கெழு மட்டும் ம + ச ஆக உப்பியிருக்கிறது. அதற்கு அடுத்த கெழுவின் வர்க்கம் இந்த உப்பலைத் தாங்க வேண்டும். எழுதிச் சுருக்கினால் ம² + ம − 2ச(ம − 2) என்பது எதிர்மம் ஆகக் கூடாது. ம இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் ச பெரிதாகப் பெரிதாக இது குறையும்; மோசமான எல்லை ச = 4. அங்கே ம² − 7ம + 16. தன்மைகாட்டி 49 − 64 = −15. எந்த ம மதிப்புக்கும் கோவை நேர்மமே. பாதையின் காரணிகள் 4ஐத் தாண்டாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது இந்த வரியில் தெரிகிறது. ச 5 ஆக முடிந்திருந்தால் கோவை ம² − 9ம + 20 ஆகி, ம 4இலும் 5இலும் சுழியைத் தொட்டுவிடும். விளிம்பில் நடந்து மறுபக்கம் சேர்ந்த நிரூபணம்.

செவ்வாய் மாலை இது முடிந்தது. முடிந்த உடனே நூல் தேடல். இம்முறை மூவரும் ஒரே மேசையில், ஒரே மணி நேரத்தில். ஒன்று, இரண்டு இலைகள் தொங்கும் வகைகள் முன்பே ஆராயப்பட்டவை என்று தெரிந்தது. ஆகவே இதைத் தலைப்புத் தேற்றமாக வைக்காமல், காரணிகளைத் தனித்தனியே சோதிக்கும் முறையைக் காட்டும் முதல் எடுத்துக்காட்டாக வைப்பது என்று முடிவானது. ஒரு வாரம் முன்பு இதே செய்தி அவர்களை உடைத்திருக்கும். இப்போது கட்டுரையின் அமைப்பை மட்டும் மாற்றியது.

புதன், நவம்பர் 1. அந்த மாநிலத்தில் அது புனிதர் அனைவரின் திருநாள். பொது விடுமுறை, கடைகள் இல்லை. வியாழன் நண்பகலோடு புதிய கணிதம் நிறுத்தம், அதன்பின் எழுத்து மட்டும் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். வியாழன் காலை இளையவரிடம் இலை எண்ணிக்கை முனைக்கு முனை மாறும் மரங்களுக்கான யோசனை ஒன்று இருந்தது. நல்ல யோசனை. அவர் வருத்தப்பட்டார், விவாதம் சூடானது. கடைசியில் அந்த யோசனை ஒரு பக்கமாக எழுதப்பட்டு, ‘நம்புகிறோம்’ என்ற குறியோடு கோப்பில் சேர்ந்தது. நிறுத்தியது சரியே. ஊர் திரும்பிய பிறகு நிரூபணத்தை யார் எழுதுவது என்ற கேள்வியில் எத்தனையோ கூட்டுப்பணிகள் கரைந்துபோவதைத் துறையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சேர்ந்து இருக்கும்போது எழுதிய ஒரு பத்திக்கு, பிறகு மின்னஞ்சலில் போகும் மாதங்களைவிட மதிப்பு அதிகம்.

வெள்ளி இரவு கையில் இருந்தவை: தேற்றமும் முழு நிரூபணமும் கொண்ட வரைவு, நிரப்ப வேண்டிய இடங்கள் சிவப்பில், இளையவரின் நிரல் ஒருவழியாக மரங்களைத் தானே வரிசையாக எடுத்து ஓடும் நிலையில், தேதி வாரியான பதிவேடு. சிவப்பு இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு நாளும் எழுதப்பட்டன. மாற்றாள் பெயரும்.

பின்னர் நடந்தது

இந்தியாவில் பருவத் தேர்வு, அமெரிக்காவில் வேலைக்கு விண்ணப்பிக்கும் காலம். முதல் மாதம் எதுவும் நகரவில்லை. பிறகு வாரம் ஒரு மணி நேரக் காணொலி அழைப்பு. வேலை நடக்காத வாரத்திலும் அழைப்பு ரத்தாகாது என்ற நிபந்தனையோடு. சிவப்பு இடங்களில் ஒன்று எழுதும்போதுதான் பிழை என்று தெரிந்தது. பதிவேட்டில் அது ‘நம்புகிறோம்’ என்று குறிக்கப்பட்டிருந்ததால் யாரும் அதிரவில்லை, கூற்றைச் சுருக்கிக்கொண்டார்கள். இலை எண்ணிக்கை மாறும் மரங்கள் பற்றிய அந்த ஒரு பக்கம் இளையவரின் தனி ஆய்வாக வளர்ந்தது. விண்ணப்பத்தில் சொன்ன இலக்கு நிறைவேறவில்லை. தங்கலுக்குப் பிந்தைய அறிக்கையில் அதை அப்படியே எழுதினார்கள். எதிர்மறை எடுத்துக்காட்டின் பெயரும், துணைத்தேற்றம் ஏன் எல்லா இலைகளிலும் தோற்கிறது என்ற ஆறு வரி வாதமும் அதில் உண்டு. அடுத்து இதே வழியில் வரக்கூடிய ஒருவருக்குக் கட்டுரையைவிட இந்த ஆறு வரி உதவலாம்.

மாற வேண்டியவை

விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளில் ஒன்று, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு ஒன்று என இரண்டு நூல் தேடல்கள் தேவை. இரண்டாவதை முதலாவதைச் செய்தவர் செய்யக் கூடாது. ஆர்க்சிவில் கேள்வியின் மையச் சொற்களைத் தேடுவதோடு, மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகளையும் பார்க்க வேண்டும். 1987 கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றைத் தேடியிருந்தால் மே மாத முன்பதிப்பு முதல் பக்கத்திலேயே வந்திருக்கும்.

மையத் துணைத்தேற்றத்தை உடைக்க ஒருவர் சம்பளம் வாங்கியவர் போல முயல வேண்டும். இளையவர் கேட்ட அரை நாளைக் கொடுத்திருந்தால் 26 முனைவரை எட்டியிருக்க முடியாது. அத்தனை கோடி மரங்களை ஒரு மடிக்கணினியில் அரை நாளில் ஓட்டுவது நடவாத காரியம். ஆனாலும் 16 முனைகளில் 19,320 மரங்கள்தான். அவற்றை வைத்து, நிபந்தனை எவ்வளவு இடைவெளியோடு நிற்கிறது, அந்த இடைவெளி முனைகள் கூடக்கூடச் சுருங்குகிறதா என்றாவது பார்த்திருக்கலாம். ‘நிற்கிறது, நிற்கவில்லை’ என்று மட்டும் பதில் தரும் நிரல் பாதி நிரல். எவ்வளவில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும்.

இளையவர் சந்தேகத்தைச் சொன்னபோது மூத்த இருவர் தலையசைத்துக் கடந்தது கவனிக்க வேண்டியது. வயது வித்தியாசம் உள்ள குழுவில் ‘இதை உடைத்துப் பார்க்க நேரம் வேண்டும்’ என்று யார் கேட்டாலும் விவாதமின்றிக் கொடுப்பது என்று முதல் நாளே ஒப்புக்கொண்டால் இந்தச் சங்கடம் எழாது.

விசா வேலையை அழைப்புக் கடிதம் வந்த வாரத்திலேயே தொடங்க வேண்டும். விடுப்பு ஆணைக்குக் காத்திருக்காமல் நேர்காணல் நாளை முதலில் பிடித்துவிடலாம். ஆணையை நேர்காணலுக்குள் வாங்கினால் போதும். காப்பீட்டில் கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் உள்ளடங்க வேண்டும். விமானம் தாமதித்தால் என்று மேலும் இரண்டு நாள் சேர்ப்பது நல்லது.

சாப்பாட்டு மேசையில் பேராசிரியர் இரண்டு நிமிடத்தில் கேள்வியைச் சொல்லிவிட்டார், அதனால்தான் பக்கத்தில் இருந்தவரால் எண்ணைச் சொல்ல முடிந்தது. மற்ற இருவராலும் அப்போது அது முடிந்திருக்காது. இயற்கணிதர் பின்னர் ஒப்புக்கொண்டபடி, அவர் குறியீட்டிலேயே தொடங்கியிருப்பார். இப்போது மூவரும் கேள்வியின் இரண்டு நிமிட வடிவத்தைக் குறியீடு இல்லாமல் எழுதி, கிளம்பும் முன் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்கிறார்கள். அடுத்த தங்கலுக்கான விண்ணப்பத்தின் முதல் பத்தி அதுவாகவே இருக்கிறது.